அதிருதா மாமா?

நின்றுகொண்டிருந்த லாரிதான் மாமாவை இடித்தது. சிங்கப்பூரின் ஈசூனில் அவர் புளோக்கிற்குப் பக்கத்தில், ஈரச்சந்தைக்குச் சரக்கு இறக்கும் இடம், காலை ஏழரை மணி. ஓட்டுநர் பின்பலகையைப் படுக்கைவாட்டில் திறந்துபோட்டுவிட்டுக் காய்கறிப் பெட்டியோடு உள்ளே போயிருக்கிறார். மாமாவின் வெள்ளைக்கோல் பலகைக்கு அடியில் இடமும் வலமும் போய் வந்தது. எதிலும் தட்டவில்லை. வழி இருக்கிறது என்று நம்பி அடுத்த எட்டு வைத்தார். இரும்பு விளிம்பு நெஞ்செலும்புக்குக் கீழே இறங்கியது.

எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குச் சிரித்தாலே வலி. "22 வருஷம் நானே அப்படித்தான்டா தொறந்து போட்டுட்டுப் போயிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஜூரோங் பக்கம் 14 அடி லாரி ஓட்டியவர் அவர்.

மாமாவுக்கு இப்போது 63 வயது. நீரிழிவு வந்து 25 ஆண்டு. விழித்திரை ரத்தக்குழாய்கள் கசிந்து, லேசர் வைத்து, அப்புறம் கண்ணுக்குள்ளேயே ரத்தம் இறங்கி, அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. வலக்கண்ணில் ஒன்றுமில்லை. இடக்கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு சொல்லி, 2016இல் அதன்மீது போரே அறிவித்தது. இந்தியர்களிடம் விகிதம் கூடுதல் என்பது நம் வீட்டு விசேஷங்களில் யார் யார் பாயசத்தைத் தள்ளிவைக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

நான் தொழிற்சாலையில் சென்சார்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். மருத்துவம் படித்தவனில்லை. மாமாவுக்காக ஓர் அதிர்வுப் பட்டை செய்ய முயன்று, இரண்டு முறை தவறாகச் செய்து, மூன்றாவதில் ஓரளவு உருப்படியாக்கிய எட்டு மாதக் கதை இது. ஒரே ஆள், ஒரே பட்டை. எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாத. லாரி ஓட்டுனேன்னு மட்டும் போடு" என்றார். போட்டுவிட்டேன்.

கோலுக்கு மேலே

வெள்ளைக்கோல் எளிமையான கருவி, ஆனால் அதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. படிக்கட்டு, சாக்கடை விளிம்பு, எம்ஆர்டி நிலையத்தின் புடைப்புத் தரை ஓடுகள், நிறுத்திவைத்த சைக்கிளின் சக்கரம் எல்லாவற்றையும் ஓரெட்டு முன்னாலேயே சொல்லிவிடும். ஆனால் அதன் ஆட்சி தரையிலிருந்து இடுப்பு வரைதான். லாரியின் பின்பலகை, பக்கக் கண்ணாடி, சரிந்த மரக்கிளை, புளோக் கீழ்த்தளத்தில் கல்யாணத்துக்கோ இழவுக்கோ போட்ட கூடாரத்தின் கயிறு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அறிவிப்புப் பலகை எல்லாம் கோலின் கணக்கில் வராது. நாங்கள் நிரப்ப நினைத்தது அந்த இடைவெளியை மட்டும்தான்: இடுப்பிலிருந்து நெற்றி வரை.

குரலில் சொல்கிற கருவி ஏன் வேண்டாம் என்று பலரும் கேட்டார்கள். மாமாவின் காதுக்கு ஏற்கெனவே ஓவர்டைம். வீட்டில் அது ஒலி 968 வானொலிக்கு. வெளியே வந்தால் பேருந்தின் பிரேக், மின்தூக்கியின் மணி, சாலை கடக்கும் இடத்துப் பச்சை மனிதனின் டிக்டிக், பின்னால் வரும் சைக்கிள். தூணுக்குத் தூண் "முன்னே தடை, முன்னே தடை" என்று ஒரு குரல் ஓதிக்கொண்டிருந்தால் அந்தச் சைக்கிளைக் கேட்க முடியாது. தோல் சும்மாதானே இருக்கிறது, அதன் வழியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சும்மா இருக்கிறது என்பது என் அனுமானம். அது எவ்வளவு தவறு என்று பின்னால் வரும்.

ரெட்ஹில் பக்கம் எனேபலிங் வில்லேஜுக்கு இருவரும் போய், காட்சிக்கு வைத்திருந்த கருவிகளைத் தொட்டுப் பார்த்தோம். உதவிக்கருவி வாங்க அரசு நிதியும் உண்டு. வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆகவே பணம் இல்லாமல் நானே செய்யக் கிளம்பினேன் என்று சொன்னால் பொய். எனக்குச் செய்து பார்க்க ஆசை. மாமாவுக்கு மருமகன் செய்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதல் பட்டை

சிம் லிம் டவரில் ஒரு மாலையில் எல்லாம் கிடைத்தது. 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி சென்சார் ஒன்று; இரண்டு வெள்ளிக் கண்கள் மாதிரி இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் ரோபோவுக்கு வைப்பார்களே, அதே. ஒரு கண் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், மறு கண் எதிரொலியைப் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும்; 1 மீட்டர் தள்ளியிருக்கும் பொருளைத் தொட்டுத் திரும்ப 6 மில்லிவிநாடிகூட ஆகாது. கூடவே ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை, கைபேசிகளில் இருக்கும் 10 மில்லிமீட்டர் நாணய மோட்டார், ஒரு மீள்பட்டை. எல்லாவற்றையும் மணிக்கட்டில் கைக்கடிகாரம் மாதிரி அடக்கினேன். தடை நெருங்க நெருங்க அதிர்வு பலமாகும். என் கையில் கட்டிப் பார்த்தேன், அருமை. கண்ணை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அத்தை கைதட்டினார்.

மாமா கையில் கட்டியதும் இரண்டு கோளாறு. முதலாவது சுலபமானது. சென்சார் 4 மீட்டர் வரை பார்க்கும் என்பதால் 4 மீட்டரையும் வைத்திருந்தேன். அதன் பார்வை சுமார் 15 பாகைக் கூம்பு. 3 மீட்டர் தள்ளிப் போனால் அது 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் சுவர், கம்பி, பூந்தொட்டி, அண்டை வீட்டுச் செருப்பு அலமாரி எல்லாம் அந்தக் கூம்புக்குள் விழுந்தன. பட்டை வாயை மூடவே இல்லை. வரம்பை ஒன்றரை மீட்டருக்குக் குறைத்தேன். மாமாவின் நடைக்கு அது இரண்டு விநாடி முன்னறிவிப்பு. போதும்.

இரண்டாவது கோளாறு புரிய ஒரு மாதம் ஆனது. மாமா நின்ற பிறகு பட்டை அதிரும், அல்லது பட்டை அதிர்ந்த பிறகும் மாமா நடப்பார். கேட்டால், "தெரியுதுடா, லேசா எறும்பு ஊர்ற மாதிரி" என்பார். பழக்கம் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் பயிற்சி கொடுத்தேன். மின்னழுத்தத்தைக் கூட்டினேன். எனக்குக் கை கூசுகிற அளவுக்கு அதிர்ந்தது. அவர் தலையாட்டினார். மருமகன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்திருக்கிறான், மனசு நோகக் கூடாது என்று அந்த ஒரு மாதம் எனக்காகக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

128 ஹெர்ட்ஸ்

பலதுறை மருந்தகத்தில் ஆண்டுக்கொருமுறை அவர் பாதத்தைச் சோதிப்பார்கள். அந்த முறை அத்தைக்கு வேறு வேலை, நான் கூடப் போனேன். தாதி முதலில் நைலான் இழை ஒன்றை எடுத்தார். அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும்படி செய்த இழை. பாதத்தின் அடியில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டார். மாமா பல இடங்களில் பேசாமல் இருந்தார். அப்புறம் இசைக்கவை. இயற்பியல் பாடத்தில் பார்த்ததுதான், இது 128 ஹெர்ட்ஸ். தட்டிவிட்டு அடிப்பாகத்தைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்தார்.

"ராசா, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார். தெரிகிறதா என்று.

மாமா உதட்டைப் பிதுக்கினார். கணுக்காலில் வைத்தார். இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை விரலிலும் ஒருமுறை வைக்க முடியுமா என்று தாதியிடம் கேட்டேன். ஆள்காட்டி விரல் மூட்டில் வைத்தார். கவையின் இரண்டு காலும் கண்ணுக்குத் தெரியும்படி துடித்துக்கொண்டிருந்தன. அறை முழுக்க மெல்லிய ரீங்காரம்.

"அதிருதா மாமா?"

"சத்தம் கேக்குது" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நீரிழிவு நரம்பைத் தின்னும்போது நீளமான நரம்பின் நுனியிலிருந்து தொடங்குகிறது. முதலில் கால்விரல், முழங்கால் பக்கம் ஏறி வரும்போது கைவிரல்களிலும் ஆரம்பம். காலுறையும் கையுறையும் போட்ட வடிவம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். கண்ணின் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுத்த அதே சர்க்கரைதான் நரம்பையும் கெடுக்கிறது. அதாவது, பார்வைக்குப் பதிலாகத் தொடுகையைத் தர நினைக்கிற ஆளிடம் தொடுகையும் பாதி போயிருக்கும். இது அரிதான விதிவிலக்கல்ல. நீரிழிவால் பார்வை இழந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். நான் என் தோலில் கட்டிப் பார்த்து அவருக்குச் செய்திருந்தேன்.

இந்தத் துறையின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க நான் மட்டும் அப்படியில்லை என்று தெரிந்தது. பெரும்பாலான கருவிகள் விரல்நுனியை நம்பியே பிறந்தவை. 1971இல் விற்பனைக்கு வந்த ஆப்டகானை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபர்ட் பேராசிரியர் ஜான் லின்வில் பார்வையற்ற தன் மகளுக்காக யோசித்த கருவி அது. அச்செழுத்தின் மேல் கேமராவை நகர்த்தினால் எழுத்தின் வடிவம் 144 குட்டி ஊசிகளின் துடிப்பாக ஆள்காட்டி விரலுக்கு வரும். பிரெயிலும் அப்படித்தான், புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர். மாமாவுக்குப் பிரெயில் ஏறாததற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாவம், விரல்.

சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இலங்கையில் பிறந்த சுரங்க நாணாயக்கார, சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எம்ஐடி மீடியா லேப்காரர்களோடு சேர்ந்து ஃபிங்கர்ரீடர் என்று ஒரு மோதிரம் செய்தார். 2015இல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது. கேமரா வைத்த மோதிரத்தைப் போட்டு வரியின் மேல் விரலை ஓட்டினால் வாசித்துக் காட்டும், விரல் வரியைவிட்டு விலகினால் அதிர்ந்து திருப்பிவிடும். அழகான யோசனை. பிற்பாடு அவர் குழு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்து 2024இல் காட்டிய ஐசீ கருவியில் கேமரா விரலைவிட்டு, எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்ஃபோனுக்குப் போய்விட்டது. அவர்கள் எதற்காக மாற்றினார்களோ, மாமா மாதிரி ஆளுக்கு அந்த இடமாற்றம் வசதி. இந்தியாவில் 2014இல் ஹைதராபாத்காரர்கள் காலில் அதிர்ந்து வழிகாட்டும் லேசல் காலணியைக் கொண்டுவந்தார்கள், டெல்லி ஐஐடி கைப்பிடி அதிரும் ஸ்மார்ட்கேனைக் கொண்டுவந்தது. இரண்டும் பலருக்குப் பயன்படக்கூடியவை. மாமாவின் பாதத்துக்குக் காலணியும் தெரியாது, உள்ளங்கைக்குக் கைப்பிடியும் அரைகுறைதான். குறை கருவியில் இல்லை.

தாயத்து கட்டுமிடம்

அன்றிரவு மாமாவின் உடம்பை வரைபடமாக்கினோம். மோட்டாரை ஓரிடத்தில் வைத்துப் பத்து முறை அழுத்துவேன். சில தடவை உண்மையாக ஓட விடுவேன், சில தடவை ஏமாற்றுவேன். அவர் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். அத்தை நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்தார். விரல்நுனியில் அவர் சொன்னது பூவா தலையா போட்ட மாதிரி இருந்தது. மணிக்கட்டில் கொஞ்சம் பரவாயில்லை. முழங்கை தாண்டியதும் திருந்தியது. புயத்தில், தோளுக்கு நான்கு விரற்கடை கீழே, பத்துக்குப் பத்து. காறை எலும்பிலும் பத்துக்குப் பத்துதான், ஆனால் அங்கே வைத்தால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்று உடனே கழற்றச் சொன்னார்.

"தாயத்து கட்டுற எடம்" என்றார் அத்தை. ஆமாம், அதே இடம்.

மோட்டாரையும் மாற்றினேன். நாணய மோட்டார் சுமார் 200 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். தோலின் ஆழத்தில் இருக்கும் பசீனியன் நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் மிகக் கூர்மை என்பதால் ஆரோக்கியமான தோலுக்கு அது பொருத்தம். ஆனால் வயதாக ஆக முதலில் மழுங்குவதும் அந்த வேகமான அதிர்வை உணரும் திறன்தான். அக்காள் மகனின் பழைய கேம் கன்ட்ரோலரைப் பிரித்து, அதன் கனமான மோட்டாரை எடுத்தேன். அது ரீங்கரிக்காது, உதைக்கும். தைல டப்பாவின் மூடி ஒன்றில் அதை ஒட்டினேன், மூடி தோலில் படும்படி. அதிரும் பரப்பு அகலமானால் தோலுக்குச் சுலபமாகத் தெரியும். இது நான் கண்டுபிடித்ததல்ல, தொடுகை ஆய்வுகளில் பழைய செய்தி. மூடியில் இன்னும் தைல வாசனை இருக்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம், பலத்தைக் கைவிட்டது. கிட்டத்தில் பலமாக, தூரத்தில் மெதுவாக என்ற என் பழைய திட்டத்தில் மாமா பலத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மழுங்கிய தோலுக்கு அது கஷ்டம். போதாததற்கு, தொடர்ந்து அதிர்ந்தால் எந்தத் தோலும் சில நேரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், கையில் கட்டிய கடிகாரத்தை நாம் மறந்துபோவது மாதிரி. என்ன செய்யலாம் என்று விழித்துக்கொண்டிருந்தபோது மாமாவே சொன்னார்: "லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப்னு வருமே, கிட்டப் போகப் போக சீக்கிரம் சீக்கிரமா. அப்படி வையேன்." வைத்தேன். ஒன்றரை மீட்டரில் விநாடிக்கு ஒரு தட்டு, 1 மீட்டரில் இரண்டு, அரை மீட்டருக்குள் நான்கு. மூன்றே படி. அதற்குமேல் வேகமாகத் தட்டினால் கனமான மோட்டார் நின்று தொடங்க நேரமில்லாமல் ஒரே உறுமலாகிவிடுகிறது. கற்றுக்கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. முதல் நாளே சுவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்று, "பார்க்கிங் போட்டாச்சு" என்றார்.

சென்சாரை எங்கே வைப்பது என்று எனக்கும் அவருக்கும் சின்னச் சண்டை. நான் சட்டைப்பையில் மாட்டச் சொன்னேன், கை சும்மா இருக்கட்டும் என்று. அவர் கையில்தான் வேண்டும் என்றார். கையில் இருந்தால் அவரே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்: எங்கே தட்டு வருகிறது, எங்கே நிற்கிறது, அந்தப் பொருளின் விளிம்பு எது. பால் பாக்-இ-ரீட்டா 1969இல் நேச்சர் இதழில் எழுதிய சோதனை நினைவுக்கு வந்தது. பல்மருத்துவர் நாற்காலியின் முதுகில் 400 அதிர்வு முனைகள், கேமரா பார்ப்பதை முதுகில் வரையும். கேமராவைப் பார்வையற்றவர் தானே நகர்த்தியபோதுதான் பொருள் எதிரே, வெளியே இருப்பதாக உணர்ந்தார். வேறொருவர் நகர்த்தினால் முதுகில் ஏதோ கூசியது, அவ்வளவே. மாமா எந்தக் கட்டுரையும் படிக்காமல் அதையேதான் கேட்டார். ஆக, சென்சார் இடது மணிக்கட்டில், மோட்டார் புயத்தில், நடுவே சட்டைக்கைக்குள் ஓடும் ஒரு கம்பி.

பேசாமல் இருந்தால்

இரண்டாவது பட்டை நன்றாக ஓடிய மூன்றாம் நாள், சந்தை வழியில் ஒரு விளம்பரப் பலகையில் மாமா தோளை இடித்துக்கொண்டார். பட்டை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது செத்துக் கிடந்தது. கைபேசிக்கான பவர் பேங்க்கிலிருந்துதான் மின்சாரம் கொடுத்திருந்தேன். பல பவர் பேங்க்குகள், இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் கைபேசி நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தாமாக அணைந்துவிடும். என் பட்டை சிக்கனமானது. அந்தச் சிக்கனமே அதை அணைத்துவிட்டது.

ஒரு மின்தடையைச் சேர்த்து அதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. ஆனால் என்னை உறுத்தியது வேறு. பட்டை பேசாமல் இருந்தால் வழி காலி என்று பொருள். பட்டை செத்தாலும் பேசாது. தொழிற்சாலையில் இப்படி ஒரு சென்சாரை நான் அனுமதிக்கவே மாட்டேன். அங்கே கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்கும்படிதான் இணைப்போம். மாமாவுக்குச் செய்யும்போது அது ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. இப்போது 20 விநாடிக்கு ஒருமுறை ஓர் இரட்டைத் தட்டு வரும், மெதுவாக. மாமா அதற்கு 'இருக்கேன்' என்று பெயர் வைத்திருக்கிறார். அது வராவிட்டால் நின்று, கோலை மட்டும் நம்பி ஓரத்துக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இன்னொரு தவறை அத்தைதான் கண்டுபிடித்தார். ஒரு மாலை பட்டையைக் கழற்றும்போது மணிக்கட்டு எலும்பின் மேல் ஐந்து காசு அளவுக்குச் சிவந்து, தோல் வழன்றிருந்தது. சென்சார் பெட்டியின் மூலை அழுத்தி, வியர்வையில் ஊறி, நாள் முழுக்க உரசியிருக்கிறது. மாமாவுக்குத் தெரியவே இல்லை. தெரியாது என்பதுதானே முழுக் கதையும்! அதிர்வு தெரியாத இடத்தில் வலியும் சரியாகத் தெரியாது, சூடும் தெரியாது. நீரிழிவுக்காரருக்கு ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது பட்டை அந்தப் புண்ணிலிருந்து வந்தது. மின்கலம், பலகை எல்லாம் இடுப்புப் பைக்குப் போயின. சூடாகக்கூடிய எதுவும் தோலில் படாது. மணிக்கட்டில் சென்சார் மட்டும், அடியில் மெத்தென்ற துணி, மூலைகள் உருட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டுவதில்லை. ராத்திரி அத்தை அவர் பாதத்தைப் பார்க்கும்போது கையையும் புயத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்.

சந்தைக்குப் போகும் வழி

எட்டாவது மாதம், பழைய இடத்துக்கே போனோம். சரக்கு இறக்கும் இடம், காலை நேரம், நான் பத்தடி பின்னால். லாரி நின்றது, பலகை திறந்திருந்தது. இதற்கென்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, அங்கே எப்போதும் ஒன்று திறந்துதான் இருக்கும். மாமா இடக்கையை நெஞ்சளவில் வைத்து மெல்ல வீசிக்கொண்டே வந்தார். நின்றார். கையைக் கொஞ்சம் இறக்கினார், ஏற்றினார். கோலை அடியில் விட்டுப் பார்த்தார், காற்று. அப்புறம் கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலக்கையை நீட்டிப் பலகையின் விளிம்பைத் தொட்டு, அப்படியே கொக்கி வரை தடவிக்கொண்டு போனார். "இது 14 அடி இல்ல, 10 அடி வண்டி" என்றார்.

எல்லாம் இப்படி நடக்கவில்லை. காயும் சேலை, போர்வை மாதிரித் துணிகள் மீயொலியை விழுங்கிவிடும்; தொங்கும் துணியில் மாமா முகத்தோடு போய் முட்டுவார், அது மென்மை என்பதால் கவலைப்படுவதில்லை. சாய்ந்த கோணத்தில் வரும் கண்ணாடிச் சுவர் ஒலியை வேறு பக்கம் அனுப்பிவிடுகிறது, பட்டை சும்மா இருக்கும். லேசர் வகைச் சென்சாரையும் மாற்றிப் பார்த்தேன். அதற்கு நேரான கண்ணாடிக் கதவே தெரியவில்லை, நண்பகல் வெயிலில் தூரமும் குறைந்துபோனது. கடைத்தொகுதிக்குக் கடைத்தொகுதி கண்ணாடிக் கதவு வைத்திருக்கும் ஊரில் அது உதவாது, மீயொலிக்கே திரும்பினேன். மழை என்றால் பட்டை பைக்குள் போய்விடும். தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவுக்குக் கட்டிக்கொண்டு போனார். சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் முதுகுகள். ஐந்து நிமிடத்தில் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் கோல் கற்றுக்கொடுத்த பயிற்றுநரிடம் ஒருநாள் காட்டினோம். கொஞ்ச நேரம் பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டு, பட்டையைக் கட்டினால் மாமா கோலைக் குறைவாக வீசுகிறார், கவனம் கைக்குப் போய்விடுகிறது என்றார். எனக்கு அது படவே இல்லை. நான் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூம்பைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்க்கவும், பழகிய நடைபாதையில் அணைத்துவைக்கவும் சொன்னார். இரண்டையும் செய்தோம். இப்போது மாமா அதைச் சந்தைக்கும் கோப்பிக்கடைக்கும் போகிற காலைகளில் மட்டும் கட்டுகிறார். அத்தை நான்கு சட்டைகளின் கைக்குள் கம்பி ஓட ஒரு சின்னக் குழாய் மாதிரித் துணி வைத்துத் தைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டைக்கு வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார், அது கோயிலுக்கு.

போன வாரம் கோப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தோம். மாமா கையை நாற்காலிகளின் பக்கம் திருப்பினார். விநாடிக்கு இரண்டு தட்டு.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றார். "ஆனா யாராவது உக்காந்திருக்காங்களா, காலியா? அது சொல்லாதா?"

"சொல்லாது மாமா."

"இத்தனை பேருக்கு முன்னால யாரு மடியிலயாவது போய் உக்காந்தா நல்லாவா இருக்கும்? அதைப் பாரு மொதல்ல" என்றார். நான் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன்.